சுண்டுவிரல் நகம்

மாசியில் நீங்கள் மோதரைக்கு வந்தீர்கள்.
லிஃப்ட் அப்போதும் ஓடவில்லை.
ஒன்பதாம் மாடிவரை ஏறிவந்த முதல் வேட்பாளர் என்று
பக்கத்து வீட்டு ரிஸ்மினா கைதட்டினாள்.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
கூடவந்த பொடியன்கள் ஆறாம் மாடியிலேயே
குந்திவிட்டார்கள்.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டீர்கள்.
தந்தேன்.
இரண்டாம் கிளாசும் தந்தேன்.
அன்று பம்பும் வேலைசெய்யவில்லை,
நீங்கள் குடித்தது நான் கீழிருந்து தூக்கிவந்தது.

மூச்சுத் திரும்பியதும் சொன்னீர்கள்:
"அக்கா, உங்கட விரலில வைக்கப்போற மை
அழியமுன்னம் இந்த லிஃப்ட் ஓடும்."
எதிர்வீட்டு ஹேமலதாவுக்குச் சிங்களத்திலும்
அதையே சொன்னீர்கள்.
இரண்டு பாஷையிலும் ஒரே வாக்கு.
இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

வோட்டுப் போட்டோம்.
தோலில் இருந்த மை ஒரு கிழமையில் போனது,
மாவும் சவர்க்காரமும் பட்டு.
நகத்தில் இருந்தது போகவில்லை.
உங்கள் வெற்றி வெடியில்
சன்னல் கண்ணாடி அதிர்ந்த இரவு
அடி நகத்தில் அப்பிக்கிடந்தது, ஊதாவாய்.

நகம் அவசரப்படாது.
சித்திரையில் அடியில் ஒரு வெள்ளைக் கீற்று.
பதவியேற்ற படம் பேப்பரில் வந்தது,
இரண்டாம் வரிசையில் நீங்கள்,
மூச்சு வாங்காமல்.
வெசாக் வெளிச்சம் பார்க்க ஹேமலதாவின் மாமியாரை
கதிரையில் இருத்தி நாலு பேர் இறக்கினார்கள்.
ஏற்றும்போது ஐந்தாம் மாடியில் வைத்துவிட்டு
ரெஜினோல்ட் சிகரெட் பற்றவைத்தான்.
கிழவி தனக்கும் ஒன்று கேட்டாளாம்.

ஆனியில் கந்தோர்களுக்குப் போனோம்.
லிஃப்ட் வீடமைப்புக்காரரின் பொறுப்பு என்றது சபை.
காசு அமைச்சிலிருந்து வரவேணும் என்றது வீடமைப்பு.
அமைச்சில் உங்கள் செயலாளர்
நல்ல பிள்ளை, பிளேன்டீ தந்தார்.
"இப்பதானே வந்தம், கொஞ்சம் டைம் தாங்கோ."

தந்தேன்.
ஆடி முழுக்க அந்த ஒரு நகத்தை வெட்டவில்லை.
மற்ற ஒன்பதும் ஒட்ட வெட்டிய கையால்
மாப்பிசையும்போது அது மட்டும் இடறியது.
வெட்டித் தொலை என்றாள் ரிஸ்மினா.
வெட்டினால் உங்கள் தவணை முடிந்துவிடும்.
நானும் கடன்பட்டவள்தான்.
எனக்கு எந்த வட்டிக்காரனும்
விரல் நீட்டி இப்படி நாள் தந்ததில்லை.

இரவில் சன்னலில் தாமரைக் கோபுரம்
அதே ஊதாவில் ஒளிர்கிறது.
அங்கே லிஃப்ட் நல்லாய் ஓடுகிறதாம்.
காசு கட்டி ஏறினால்
எங்கள் பக்கமும் தெரியுமாம்.

நேற்று விடிய மூன்றரைக்கு
இடியப்பத் தட்டுகளோடு இறங்கும்போது
நாலாம் மாடி இருட்டில் கைப்பிடியைத் தேடி
விரல் எதிலோ அடிபட்டது.
முறிந்தது.
நான் வெட்டவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
தட்டுகளை வைத்துவிட்டு
டோர்ச் அடித்துத் தேடினேன்.
குறுணி அரிசியளவு, ஓரத்தில் ஊதா.

அதைத்தான் இந்தக் கடிதத்தின் மூலையில்
ஒட்டியிருக்கிறேன்.
குப்பை என்று தட்டிவிடவேண்டாம்.
பதிவுத் தபால். கையெழுத்து வைத்துத்தான் வாங்கியிருப்பீர்கள்.
ஹேமலதா தன்னுடையதை
தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள், அடுத்த கிழமை வரும்.
ரெஜினோல்டிடம் இல்லை, அவன் நகம் கடிக்கிறவன்.
மற்ற மாடிகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் சுண்டுவிரல் இப்போது சுத்தம்.
அடுத்த மைக்கு இடம் இருக்கிறது.

பதில் எழுதி மினக்கெடவேண்டாம்.
ஒருமுறை வாருங்கள்.
கிளாஸ் அதே இடத்தில்தான்.
பம்ப் இன்றைக்கும் இல்லை,
கீழே பைப்படியில் என் நீலக் கான் நிற்கும்,
வரும்போது
நிரப்பித் தூக்கிக்கொண்டு வாருங்கள்.